கொண்டென்சர் லாம்பு வாங்கியவர்கள்

பழுதான சாமானைத் திருத்திக் கொடுக்கிற வரைக்கும் மனிதர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். புதிதாக ஒரு சாமானைச் செய்து அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும். றேடியோவையும் ரோச் லைற்றையும் பிரித்து மூடிப் பிழைக்கிற என் சக பாவிகள் இதை வாசித்தால் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், குறை நினைக்கமாட்டேன்.

என் கடை ஊர்காவற்றுறையில், துறைக்குப் போகிற வீதியில் இருந்தது. கடை என்றால் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு அலுமாரி. இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் றேடியோ திருத்துகிற ஒருவரிடம் வேலை பழகினேன். அப்போது கறண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம் அது. தொண்ணூற்றாறில் ஊருக்குத் திரும்பிக் கடையைப் போட்டேன்.

சமாதான காலத்தில் கனடாவில் இருந்து வந்த என் பெரியம்மாவின் மகன் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கொண்டென்சர்கள் தந்துவிட்டுப் போனார். அவர் வேலை செய்த தொழிற்சாலையில் கழித்துவிட்டவையாம். ஒவ்வொன்றும் ரோச் பற்றறியைவிடக் கொஞ்சம் பெரிது. "வைச்சு விளையாடு" என்றார். நாங்கள் றேடியோவுக்குள் பார்க்கிற கொண்டென்சர் மின்சாரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குத்தான் வைத்திருக்கும். இவை நாள் கணக்கில் வைத்திருந்தன. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆனால் அப்போது எல்லாக் கடையிலும் பற்றறி கிடைத்தது. பெட்டியை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு மறந்துபோனேன்.

பிறகு திரும்பச் சண்டை தொடங்கி, வன்னிக்குள்ளால் வருகிற பாதை பூட்டுப்பட்டது. கப்பலில் வந்த கொஞ்சச் சாமானில் அரிசியும் மாவும்தான் முன்னுக்கு நின்றன. பற்றறியைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? அப்போதுதான் பெட்டியை இறக்கினேன். ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் இரண்டு கொண்டென்சர், மூடியில் கடலை அளவில் வெள்ளைப் பல்புகள், பக்கத்தில் ஒரு வயர். வயரைச் சைக்கிள் டைனமோவில் கொழுவிப் பத்து நிமிடம் மிதித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேலே வெளிச்சம். மாற்றுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை, சுலபத்தில் தேயவும் தேயாது. ஒரேயொரு குறைதான். பற்றறியில் மின்சாரம் கிணற்றுத் தண்ணீர் மாதிரிக் கிடக்கும். இதில் வாளித் தண்ணீர் மாதிரி, அதுவும் கொஞ்சம் கசிகிற வாளி. நிரப்பி வைத்துவிட்டு நாலைந்து கிழமை கழித்து வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. வாங்க வந்த ஒவ்வொருவருக்கும் இதைப் படித்துப் படித்துச் சொன்னேன். அவர்கள் எப்படிக் கேட்டு நடந்தார்கள் என்பதுதான் இனி வருவது.

வெயிலில் காய்ந்த பேணி

முதல் லாம்பை வாங்கியவர் புளியங்கூடலில் இருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர். எதையும் கவனமாக வைத்திருக்கிற மனிதர். அவருடைய குடைக்கு என் வயதிருக்கும். கொஞ்ச நாளில் லாம்போடு திரும்பி வந்தார். பேணியைக் கையில் வாங்கினேன், சுட்டது. மூடியைக் கழற்றினால் உள்ளே தண்ணீர். ஒரு கொண்டென்சரின் தலையில் ஆணித் துளை. குப்பென்று ஒரு மருந்து நாற்றம் வந்தது.

எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பற்றறி இல்லாத அந்த வருடங்களில் செத்த பற்றறியை ஒருவரும் எறியவில்லை. தகரத்தில் பரப்பி வெயிலில் காயவைப்போம். அதற்கும் மசியாவிட்டால் சுடுதண்ணீரில் போட்டு அவிப்போம். அதற்கும் மசியாவிட்டால் ஆணியால் துளை போட்டு, உப்புத் தண்ணீர் விட்டு, மெழுகால் அடைப்போம். இரவுச் செய்தியையாவது கேட்டுவிடலாம். லாம்பு மங்கியதும் தபாலதிபர் இந்த மூன்று வைத்தியத்தையும் வரிசை பிசகாமல் செய்திருக்கிறார். "ஐயா, சைக்கிளிலை கொழுவி மிதிக்கச் சொன்னனான் எல்லோ?" என்று கேட்டேன். அவருக்கு மனம் நொந்துவிட்டது.

"பிள்ளை, ஒரு பற்றறிக்குச் செய்யிறதிலை ஒண்டும் நான் இதுக்குக் குறை வைக்கேல்லை."

பிலோமினாவின் ஓடர்

பிலோமினாவின் வீடு துறைக்குக் கிட்ட. அவருடைய கணவர் சூசை வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். அந்த நாட்களில் கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும். விடியப் போய்ப் பொழுதுபட முன்னம் கரைக்கு வந்துவிட வேண்டும். தப்பித் தவறிப் பிந்தினால், வள்ளத்தில் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, அது அணையாமல், நேவியின் சென்றிக் காவலரணைப் பார்த்தபடி நேராக வர வேண்டும். இருட்டுக்குள் வெளிச்சம் இல்லாமல் வருகிற வள்ளத்தை மீன்பிடி வள்ளம் என்று யாரும் நினைக்கப்போவதில்லை. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

பிலோமினா சொன்னார். "அக்கா, அவரின்ரை வள்ளத்து எஞ்சின் நினைச்ச இடத்திலை நிண்டிடும். மண்ணெண்ணெயும் கலப்படம். ஒரு கடையிலையும் பற்றறி இல்லை. நடுக்கடலிலை வைச்சும் எரியக்கூடிய லைற் ஒண்டு செய்து தாங்கோ." வள்ளத்துக்குள் சைக்கிள் ஏது? சிறுபிள்ளைகளின் மூன்று சில்லுச் சைக்கிளில் இருந்து ஒரு சில்லைக் கழற்றி, கைபிடி வைத்துப் பலகையில் பூட்டி, டைனமோவின் தலை அதில் உரசும்படி செய்தேன். கையால் சுற்றினால் சார்ஜ் ஏறும். சுற்றும்போதே பல்பும் எரியும். பேணியின் மூடி பொருந்துகிற இடத்தைச் சுற்றிப் பழைய ரியூப் றப்பரை வெட்டி ஒட்டினேன், உப்புத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது என்று.

லாம்பை எடுக்க வந்த அன்று சூசையும் கூட வந்தார். வாசலோடு நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை. வீட்டில் அவர் இரண்டு ரோச் பற்றறி வைத்திருந்தார். பாதை பூட்ட முன்னம் வாங்கியவை, துணியில் சுற்றி அலுமாரியில் கிடந்தவை. இடைக்கிடை எடுத்து வெயில் காட்டுவாராம். ஆபத்துக்கு அது போதும் என்பது அவருடைய எண்ணம். நான் கொண்டென்சர் எப்படி வேலை செய்கிறது என்று விளங்கப்படுத்தினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேணியில் இருந்த பசுமாட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடலிலை எனக்கொண்டு நடந்தால், பால்மாப் பேணியை நம்பிப் போனவன் எண்டுதான் செத்தவீட்டிலை கதைப்பாங்கள்."

அவரைத் தேடி வந்தவர்

நெடுந்தீவில் இருந்து ஒரு பெரியவர் லோஞ்ச் படகிலும் பஸ்ஸிலும் ஏறி இறங்கி, லாம்பைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்று முதல் கேள்வி: "அவர் இல்லையோ?" அவர் என்றால் என் கணவர். என் கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்கிறார். வீட்டில் ஒரு பல்ப் மாற்றுவதற்கும் என்னைத்தான் கூப்பிடுவார். ஆனால் கடைக்குப் புதிதாக வருகிற ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவர்தான் வேண்டும். தொடக்கத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறகு பிறகு, மழைக்குக் கூரை ஒழுகுவதைப் போல இதையும் ஏற்றுக்கொண்டேன்.

"அவர் வர நேரமாகும் ஐயா" என்றேன். "அப்ப இருந்து பாத்துப் போறன்" என்று கதிரையில் அமர்ந்தார். நான் லாம்பைக் கழற்றினேன். ஒரு வயர் ஈயம் விட்டுக் கழன்றிருந்தது. சூடு வைத்து ஒட்டினேன். கடைச் சைக்கிளில் கொழுவி நானே மிதித்துச் சார்ஜ் ஏற்றினேன். எரிய வைத்து அவருக்கு முன்னால் மேசையில் வைத்தேன். தேத்தண்ணியும் போட்டுக் கொடுத்தேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். லோஞ்சுக்கு நேரமானதும் வெளிச்சத்தை நூர்த்து லாம்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினார்.

"அவர் வந்தால் சொல்லுங்கோ பிள்ளை, லாம்பு தானாச் சரிவந்திட்டுது, நான் போட்டன் எண்டு."

பொறி பார்த்த நண்பர்

கொண்டென்சரில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க எங்கள் தொழிலில் ஒரு குறுக்குவழி உண்டு. ஸ்குரூ ட்றைவரால் அதன் இரண்டு காலையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டுவது. 'டிக்' என்று ஒரு பொறி பறந்தால் உயிர் இருக்கிறது. இல்லையென்று சொல்லாதீர்கள், நீங்களும் தட்டியிருக்கிறீர்கள். வேலணையில் கடை வைத்திருந்த தொழில் நண்பர் ஒருவர் என் லாம்பைப் பார்க்க வந்தார். நான் உள்ளே தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கப் போன நேரம், சார்ஜ் ஏற்றி வைத்திருந்த கொண்டென்சர்களில் அந்தப் பரீட்சையைச் செய்துவிட்டார். 'டிக்' என்று கேட்கவில்லை, 'டமார்' என்று கேட்டது. ஓடி வந்து பார்த்தால் ஸ்குரூ ட்றைவரின் நுனி கறுத்து உருகிப்போய் இருந்தது. மனிதர் கையை உதறிக்கொண்டு நின்றார். தேத்தண்ணியை முடித்தார். கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்.

"உந்தக் கொண்டென்சரைப் போய் லாம்புக்கு வைச்சு வீணாக்கிறியள் அக்கா, என்ரை வீட்டுக் கேற் வெல்டிங் பண்ணக் கிடக்கு."

அல்லைப்பிட்டியில் இருந்து ஒரு முறைப்பாடு

அல்லைப்பிட்டியில் ஒரு தாய், மகள் சோதனைக்குப் படிப்பதற்கென்று லாம்பு வாங்கினார். மகள் நல்ல கெட்டிக்காரி, சைக்கிளும் ஓடுவாள், ஆகவே பிரச்சினை இல்லை என்று இரண்டு பேரும் நினைத்தோம். ஒரு கிழமையில் தாய் மட்டும் வந்தார். லாம்பில் பழுது இல்லையாம். அவர் தேடி வந்தது நியாயம்.

"மிதிச்சுப்போட்டுப் படியடி எண்டால் நித்திரை வருகுதாம், படிச்சுப்போட்டு மிதியடி எண்டால் லைற் இல்லையாம், நான் ஆரோடை நோகிறது?"

குறிகட்டுவானில் பரிசோதனை

நயினாதீவில் ஒரு மடத்துக்கு இரண்டு லாம்பு கொண்டுபோனேன். கையால் சுற்றுகிறவை. குறிகட்டுவானில் லோஞ்ச் ஏறும் முன்னம் பையைத் திறந்து காட்ட வேண்டும். திறந்தேன். பேணி, பேணிக்குள் இருந்து வருகிற வயர், பலகை, சில்லு. நான் வீட்டில் இருந்து வெளிக்கிடும்போது அது லாம்பாகத்தான் இருந்தது. அந்த மேசையில் வைத்துப் பார்த்தபோது எனக்கே அது வேறு சாமானாகத் தெரிந்தது. பையைச் சோதித்த நேவிப் பொடியன் என்னைக் கையை எடுக்கச் சொல்லிவிட்டு இரண்டடி பின்னுக்குப் போனான். நான் இரண்டு கையையும் மேசையை விட்டுத் தூக்கினேன். 

"பற்றறி எங்க?" என்று கேட்டான். இல்லை என்றேன். பற்றறி இல்லாமல் பல்ப் எப்படி எரியும் என்று கேட்டான். நியாயமான கேள்விதான். மெதுவாகக் கைபிடியைச் சுற்றிக் காட்டினேன். பல்ப் எரிந்தது. கையை எடுத்தேன், பிறகும் எரிந்தது. அவன் மற்றவனைக் கூப்பிட்டான், மற்றவன் இன்னொருவனைக் கூப்பிட்டான். ஒவ்வொருவராகச் சுற்றிப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது, லோஞ்ச் ஊதியது, நயினாதீவுக்குப் போக வந்தவர்கள் என்னைத் திட்டத் தொடங்கினார்கள். கடைசியில் முதல் பொடியனே எல்லாவற்றையும் பைக்குள் அடுக்கித் தந்தான்.

"அம்மா, இது சரியில்லாத சாமான், எங்களுக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க."

பிலோமினாவின் முடிச்சு

கைபிடியின் நட் ஒன்று இளகிவிட்டது என்று பிலோமினா வந்தார். "அவர் சுற்றிச் சுற்றி இளகிவிட்டதோ?" என்று ஆசையோடு கேட்டேன். அவர் ஒருநாளும் சுற்றவில்லையாம். பிலோமினா விடிய முன்னம் லாம்பைக் கொண்டுபோய் வள்ளத்துக்குள் வைப்பார். சூசை அதைத் தூக்கி மணலில் வைத்துவிட்டு அலுமாரிப் பற்றறி இரண்டோடும் போவார். தூக்குவதும் வைப்பதுமாக நட் இளகிவிட்டது. "சண்டை பிடிக்கிறேல்லையோ?" என்றேன். "பிடிச்சு என்ன? பொழுதுபடேக்கை வாசலிலை நிண்டு வாற வள்ளங்களை எண்ணுறது நான் எல்லோ" என்றார். குரலில் கோபம் இல்லை. நான் நட்டை இறுக்கிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் கடைக்கு முன்னால் போகும்போது நின்று, இப்போது லாம்பு ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போகிறது என்று சொன்னார். எனக்கு நம்ப முடியவில்லை. பிலோமினா லாம்பை வள்ளத்தின் குறுக்குப் பலகையோடு நைலோன் கயிற்றால் கட்டிவிட்டாராம். "அவர் வெட்டி எறிஞ்சிருப்பாரே?" என்றேன். நல்ல கயிறு, இருக்கிற தட்டுப்பாட்டில் அதை வெட்ட எந்தத் தொழிலாளிக்கும் மனம் வராது என்றார். "அப்ப அவிழ்க்கலாம்தானே?" பிலோமினா முதன்முதலாகச் சிரித்தார்.

"என்ரை அப்பு பழக்கின முடிச்சக்கா, அவருக்கு அவிழ்க்கத் தெரியாது, என்னட்டைக் கேக்கவும் மாட்டார்."

பட்டில் சுற்றிய லாம்பு

எனக்குக் கிடைத்த வாடிக்கையாளர்களில் மிக நல்லவர் சரவணையில் ஒரு சின்னக் கோயிலின் அலுவல் பார்த்த மணியகாரர். நான் சொன்னதை எல்லாம் உடனே விளங்கிக்கொண்டார். வாளிக் கதையை என்னைவிட நன்றாக மற்றவர்களுக்குச் சொன்னார். "உப்பிடியொரு சாமான் கொழும்பிலையும் இல்லை" என்று போகிற வருகிற இடமெல்லாம் புகழ்ந்து, ஆட்களை என்னிடம் அனுப்பினார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது என்பதை மறைக்கவில்லை. திருவிழாவுக்கு ஜெனறேற்றர் நின்றால் சாமி இருட்டில் நிற்கக்கூடாது என்பதற்காக வாங்கியிருந்தார். வாங்கிய அன்றே தானே மிதித்து முழுதாகச் சார்ஜ் ஏற்றினார். பேணிக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்து, சிவப்புப் பட்டில் சுற்றி, வாகனங்கள் வைக்கிற கொட்டகையில் இரண்டு மாதம் பூட்டி வைத்தார்.

திருவிழாவில், பொழுதுபடுகிற நேரம், சாமி உள்வீதியில் நிற்க ஜெனறேற்றர் நின்றது. சனம் ஓவென்றது. மணியகாரர் கையை உயர்த்திச் சனத்தை அமர்த்திவிட்டு, உள்ளே போய்ப் பட்டோடு லாம்பைக் கொண்டுவந்தார். எல்லாரும் பார்க்கப் பட்டை விரித்தார். லாம்பின் சுவிச்சை அழுத்தினார். பெண்கள் பக்கத்தில் நின்ற நான் அதற்கு முன்னமே தலை குனிந்துவிட்டேன். பிறகு யாரோ சைக்கிள் கொண்டுவந்து, ஆள் மாறி ஆள் மிதித்தார்கள். அதுவரைக்கும் தவில்காரர் இரண்டு பேரும் நிறுத்தாமல் அடித்துச் சமாளித்தார்கள். சாமி வெளிச்சத்தோடுதான் சுற்றி வந்தார். அடுத்த நாள் காலை மணியகாரர் கடைக்கு வந்தார். கோபிக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

"ஒரு தூசி படவிடேல்லை, ஒருதரையும் தொடவிடேல்லை, நானும் தொடேல்லை, பிறகேன் பிள்ளை?"

கரை தட்டும்வரை

ஒரு பின்னேரம் எல்லா வள்ளமும் வந்துவிட்டன, சூசையின் வள்ளத்தைத் தவிர. பொழுதுபட்ட மைமல் நேரத்தில் துறையில் ஆட்கள் நிற்க விடமாட்டார்கள். பிலோமினா என் கடைக்கு வந்து கதிரையில் இருந்தார். நான் ஒரு றேடியோவுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டேன். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. பிலோமினா அழவில்லை. "அக்கா, அது எவ்வளவு நேரம் எரியும்?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு எனக்குச் சரியான பதில் தெரியும். முழுச் சார்ஜ் இருந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேலே. ஆனால் அதில் சார்ஜ் இருக்காது என்பதும் தெரியும். கட்டிய நாளில் இருந்து அதை யார் சுற்றினார்கள்? "சுத்தினால் எரியும்" என்றேன்.  பிலோமினா செபமாலையை எடுத்தார். எனக்கு அந்தப் பேணியை ஏன் செய்தேன் என்று இருந்தது. கடையில் வாங்கின பற்றறி கைவிட்டால் அதைச் செய்தவனை நாலு வார்த்தை திட்டலாம். இது நான் என் கையால் ஒட்டியது. நன்றாக இருட்டியபோது துறைப்பக்கம் இருந்து ஒருவர் சைக்கிளில் வந்து, "சூசை வந்திட்டான்" என்று வாசலில் நின்று சொன்னார். பிலோமினா செருப்பையும் போடாமல் போய்விட்டார். அவர் விட்டுப்போன செருப்பை எடுத்துக் கதிரைக்குக் கீழே வைத்தேன்.

அடுத்த நாள் காலை சூசை வந்தார். முதல்முறையாகக் கடைக்குள் வந்து கதிரையில் இருந்தார். வலது உள்ளங்கையில் துணி கட்டியிருந்தது, மடியில் லாம்பு. பிலோமினா அவிழ்த்துக் கொடுத்தாராம். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். எஞ்சின் நின்றுவிட்டது. அவரும் மச்சானும் துடுப்புப் போட்டு வரும்போதே பொழுதுபட்டுவிட்டது. ரோச்சுக்குள் பற்றறி இரண்டையும் போட்டு அழுத்தினார். சிவப்பாக ஒரு பொட்டு மாதிரி எரிந்துவிட்டு அணைந்துபோனது. என் லாம்பை அழுத்தினார். அந்தப் பொட்டுக்கூட வரவில்லை. கைபிடியைச் சுற்றினார், வந்தது. மச்சான் தனியே துடுப்புப் போட, அவர் சுற்றிக்கொண்டே இருந்தார். லாம்பை அவிழ்த்துத் திருப்ப முடியாததால், அது சென்றியைப் பார்க்கும்படி வள்ளத்தையே நேராக வைத்துக்கொண்டு வந்தார்கள். கரையில் இருந்து நேவிக்காரர் பெரிய லைற்றை இவர்கள் மேல் அடித்தார்கள். அடித்தபடியே வைத்திருந்து, கரைக்கு வர விட்டார்கள்.

"பல்ப் கொஞ்சம் நடுங்கிறமாதிரி எரியுது, ஒருக்காப் பாருங்கோ" என்று லாம்பை மேசையில் வைத்தார். மூடியைக் கழற்றினேன். றப்பர் ஒரு பக்கம் கிளம்பி உப்புத் தண்ணீர் உள்ளே போயிருந்தது. கொண்டென்சருக்குப் போகிற வயர் பச்சையாகப் பூத்து, அரித்து, இரண்டாக அறுந்துபோய் இருந்தது. அதாவது அந்த லாம்பு ஒன்றையும் வைத்திருக்கவில்லை. டைனமோவில் இருந்து நேரே பல்புக்குப் போய், சுற்றும்வரை மட்டும் எரிந்திருக்கிறது. கையை ஒரு முறை எடுத்திருந்தாலும் வள்ளம் இருட்டுக்குள் போயிருக்கும்.  மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு, "அண்ணை, கொஞ்ச நேரம் சுத்திப்போட்டுக் கையை ஆறவிடலாம் எண்டெல்லோ நான் சொன்னனான், இடையிலை விடேல்லையோ?" என்று கேட்டேன். சூசை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"பற்றறி எண்டால் நம்பிக் கையை எடுத்திருப்பன், உந்தப் பேணியை ஆர் நம்புவான், கரை தட்டுமட்டும் சுத்தினனான்."

அதற்குப் பிறகு, சப்பாத்துப் பெட்டி காலியாகும்வரை நான் விற்ற ஒவ்வொரு லாம்புக்கும் ஒரேயொரு உத்தரவாதம்தான் கொடுத்தேன்: இதைத் தயவுசெய்து நம்பாதீர்கள்.